வாழ்வில் உயர்ந்த கறுப்பினத் தாய்க்குப் பேறுகாலத்தில் துணைநிற்பது எப்படி

அமெரிக்காவில் வாழும் தமிழர்களில் பலர் மருத்துவர்களாகவும் செவிலியர்களாகவும் பணியாற்றுகிறார்கள். மற்றவர்களும் அலுவலகத்திலோ குடியிருப்பிலோ கறுப்பினப் பெண்களோடு அன்றாடம் பழகுகிறார்கள். அப்படிப் பழகும் ஒருவர் கருவுற்றிருக்கும்போதோ குழந்தை பெற்ற முதல் ஆண்டிலோ மனச்சோர்வில் சிக்கினால் அதை எவ்வாறு கண்டுகொள்வது, என்ன கேட்பது, எங்கே வழிகாட்டுவது என்பதைச் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம். ஏழ்மையில் பிறந்து, படித்து, நல்ல வேலைக்கு வந்த பெண்களைப் பற்றியே இதில் அதிகம் எழுதுகிறேன். ‘இவருக்கு என்ன குறை’ என்ற எண்ணத்தால் எவர் கண்ணிலும் படாமல் போகிறவர்கள் அவர்கள்தாம்.

முதலில் அந்த எண்ணத்தை விடுங்கள்

வறுமை மனச்சோர்வுக்கு வலுவான காரணம் என்பதில் ஐயமில்லை. வறுமையிலேயே இருக்கும் தாய்மார்களுக்கே உதவி முதலில் சென்று சேர வேண்டும். ஆனால் வறுமையிலிருந்து வெளியேறிவிட்டால் ஆபத்தும் விலகிவிடும் என்று கருதுவதற்குக் கறுப்பினப் பெண்களின் அனுபவம் இடம் தரவில்லை. 2023ஆம் ஆண்டுக்கான அமெரிக்க அரசின் புள்ளிவிவரப்படி, ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 50.3 கறுப்பினத் தாய்மார்கள் இறந்தார்கள். வெள்ளையினத்தவரிடம் அந்த எண்ணிக்கை 14.5. இந்த இடைவெளியைப் படிப்பு மூடிவிடுவதில்லை. 2007 முதல் 2016 வரையிலான மரணங்களை நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆராய்ந்தபோது, கல்லூரிப் பட்டம் பெற்ற கறுப்பினப் பெண்களின் பேறுகால மரண விகிதம், பள்ளிப் படிப்பையே முடிக்காத வெள்ளையினப் பெண்களின் விகிதத்தைவிட 1.6 மடங்கு இருந்தது. அதற்கு முன்பே, 2006இல் சிந்தியா கோலன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு ஒன்று, ஏழ்மையில் வளர்ந்து பின் வருமானம் உயர்ந்த வெள்ளையினப் பெண்களுக்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு நன்றாகவே குறைந்ததையும், அதே வழியில் உயர்ந்த கறுப்பினப் பெண்களுக்கு அந்தப் பலன் தெளிவாகக் கிட்டாததையும் காட்டியது.

இவை உடலைப் பற்றிய கணக்குகள். மனத்தைப் பற்றிய கணக்கு வேறொரு வகையில் கவலை தருகிறது. அமெரிக்காவில் குழந்தை பெறும் பெண்களில் ஏறத்தாழ எட்டில் ஒருவருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் தென்படுகின்றன. நியூ ஜெர்சி மாநிலத்தில் வருமானம் குறைந்தோருக்கான அரசின் மெடிக்கெய்ட் காப்பீட்டில் இருந்த தாய்மார்களைப் பற்றி 2011இல் வெளியான ஆய்வில், பேற்றுக்குப் பிந்தைய மனநலச் சிகிச்சையைத் தொடங்கிய வெள்ளையினப் பெண்கள் 9 சதவீதம். கறுப்பினப் பெண்கள் 4 சதவீதம். ஒரே காப்பீடு, ஒரே மாநிலம், அப்படியிருந்தும் பாதிக்கும் குறைவானவர்களே சிகிச்சைக்குள் வந்தார்கள். எனவே பணம் ஒன்றே தடை என்று சொல்லிவிட முடியாது.

புகழும் செல்வமும்கூடக் காப்பாக அமையாததற்கு செரீனா வில்லியம்ஸ் சாட்சி. காம்ப்டன் நகரில் வளர்ந்து உலகின் முதன்மையான டென்னிஸ் வீராங்கனையான அவர், 2017 செப்டம்பரில் அறுவைச் சிகிச்சையில் குழந்தை பெற்ற மறுநாள், நுரையீரலில் இரத்தக் கட்டி உருவாகியிருக்கலாம் என்று தாமே உணர்ந்து, ஸ்கேனும் இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தும் வேண்டும் என்று செவிலியரிடம் கூறினார். வலிமருந்தின் மயக்கத்தில் பேசுகிறார் என்று அந்தச் செவிலியர் எண்ணினார். பின்னர் எடுத்த ஸ்கேனில் கட்டிகள் இருந்தது உறுதியானது. குழந்தை பிறந்த பிறகு தம்மை ஆட்கொண்ட மனக்கலக்கத்தைப் பற்றியும் அவர் 2018இல் வெளிப்படையாக எழுதினார்.

அவர் எங்கே இருக்கிறார் என்பதோடு எங்கிருந்து வந்தார் என்பதையும் கேளுங்கள்

மருத்துவமனைப் படிவங்கள் இன்றைய வருமானத்தையும் படிப்பையும் கேட்கின்றன. குழந்தைப் பருவத்தில் வீடு எப்படி இருந்தது என்று கேட்பதில்லை. நீங்கள் கேளுங்கள். அதற்கு எளிய கருவி ஒன்று இருக்கிறது. நான்சி ஆட்லர் குழுவினர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்மூலம் பரவலான இந்த அளவுகோல், பத்துப் படிகள் கொண்ட ஓர் ஏணியின் படம். உச்சியில் பணம், படிப்பு, மதிப்பான வேலை ஆகியவற்றில் முன்னணியில் இருப்பவர்கள். அடியில் இவை எதுவும் இல்லாதவர்கள். ‘இன்று எந்தப் படியில் நிற்பதாக உணர்கிறீர்கள்?’ என்பது முதல் கேள்வி. ‘உங்களுக்குப் பத்து வயதாக இருந்தபோது உங்கள் குடும்பம் எந்தப் படியில் இருந்தது?’ என்ற இரண்டாவது கேள்வியையும் நீங்கள் சேர்த்துக்கொண்டால், அந்தப் பெண்ணின் பாதை இரண்டே நிமிடத்தில் உங்கள் முன் விரிந்துவிடும். நண்பராகவோ சக ஊழியராகவோ இருப்பவர் ஏணியை வரைந்து காட்ட வேண்டியதில்லை. ‘நீங்கள் வளர்ந்த வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று பொழுதோடு பொழுதாகக் கேட்டாலே போதும்.

பதில்கள் பொதுவாக நான்கு வகையில் அமையும்: கீழேயே இருந்தவர், மேலேயே இருந்தவர், கீழிருந்து ஏறியவர், மேலிருந்து இறங்கியவர். இறங்கியவரை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். ராஜ் செட்டி குழுவினர் கோடிக்கணக்கான அமெரிக்கர்களின் வரிக் கணக்குகளைக் கொண்டு செய்த ஆய்வு, வசதியான ஐந்தில் ஒரு பங்குக் குடும்பங்களில் பிறந்த கறுப்பினக் குழந்தைகள், குடும்ப வருமானக் கணக்கில், அதே உயரத்தில் நிலைக்கும் அளவுக்கே அடித்தட்டுக்கும் சரிகிறார்கள் என்று காட்டுகிறது. தம் பெற்றோர் தமக்குக் கொடுத்த வாழ்வைத் தம் குழந்தைக்குக் கொடுக்க முடியவில்லையே என்ற குற்றவுணர்வு கர்ப்பகாலத்தில் கூர்மையடையும். அவரிடம் ‘உங்கள் பெற்றோர் இருக்கிறார்களே’ என்று ஆறுதல் சொல்வது சில வேளைகளில் புண்ணைக் கீறுவதாகவே முடியும்.

ஏறியவரிடம் கேட்க வேண்டியது வேறு. அந்த ஏற்றத்துக்கு அவர் என்ன கொடுத்தார், இன்னும் என்ன கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்பதை அறிய வேண்டும். முதலாவது, கடன். பட்டம் பெற்று நான்கு ஆண்டுகள் கழிந்த பிறகு, கறுப்பினப் பட்டதாரிகளின் கல்விக் கடன் வெள்ளையினத்தவரின் கடனைவிடச் சராசரியாக ஏறக்குறைய 25,000 டாலர் அதிகமாக இருப்பதை 2016இல் புரூக்கிங்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. இரண்டாவது, சேமிப்பின்மை. 2022ஆம் ஆண்டின் கணக்குப்படி, சொத்து வரிசையில் சரிநடுவில் நிற்கும் வெள்ளையினக் குடும்பத்தின் சொத்து 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்தினுடையது 44,900 டாலர். ஒரே சம்பளம் வாங்கும் இரு பெண்களில் ஒருவருக்கு முன்பணம் கொடுக்கப் பெற்றோர் இருப்பார்கள்; மற்றவர் தம் பெற்றோருக்கு மாதந்தோறும் பணம் அனுப்புவார். மூன்றாவது, துணையின் வருமானம். செட்டியின் அதே ஆய்வில், ஒரே அளவு வசதியுள்ள வீடுகளில் பிறந்த கறுப்பினப் பெண்களும் வெள்ளையினப் பெண்களும் தனிப்பட்ட வருமானத்தில் ஏறக்குறைய சமமாகவே இருக்கிறார்கள். பெரும் இடைவெளி ஆண்களிடம்தான் இருக்கிறது. சிறைவாசமும் வேலை மறுப்பும் கறுப்பின ஆண்களைக் கீழே தள்ளுவதால், மேலே வந்த பெண்ணின் சம்பளமே பல வீடுகளில் குடும்பத்தைத் தாங்கும் ஒரே தூணாக இருக்கிறது.

நான்காவதாக ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் இதையே மிக முக்கியமாகக் கருதுகிறேன். இடைவிடாத முயற்சிக்கே உடலும் மனமும் விலை கொடுக்கின்றன. நீராவித் துளைப்பானோடு போட்டியிட்டு வென்று, சுத்தியல் கையில் இருக்கும்போதே உயிர்விட்ட ஜான் ஹென்றி என்னும் தொழிலாளியின் கதை கறுப்பின மக்களின் நாட்டுப்புற மரபில் உண்டு. கடும் தடைகளைக் கடும் உழைப்பால் மட்டுமே எதிர்கொள்ளும் இயல்புக்கு அந்தப் பெயரையே சூட்டிய ஷெர்மன் ஜேம்ஸ், வட கரோலினாவில் 1980களில் செய்த ஆய்வுகளில் அந்த இயல்பையும் உயர் இரத்த அழுத்தத்தையும் தொடர்புபடுத்தினார். ஜார்ஜியாவின் கிராமப்புறங்களில் ஜீன் பிராடியும் அவருடைய குழுவினரும் ஏழைக் கறுப்பின இளைஞர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தபோது, மிகுந்த சுயக்கட்டுப்பாட்டோடு படித்து முன்னேறியவர்கள் வெளியே நன்றாகத் தோன்றினாலும், அவர்களுடைய உடலில் அழுத்தத்தின் தடயங்கள் கூடியிருந்ததைக் கண்டார்கள். அந்தத் திடம் தோலோடு நின்றுவிட்டது என்பதே அவர்களின் முடிவு. வயதுக்கு முன்பே உடல் தேய்ந்துபோகும் இந்த நிலையை ஆர்லீன் ஜெரோனிமஸ் 1992 முதலே எடுத்துக்காட்டி வருகிறார்.

இவற்றை மனத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்: ‘உங்கள் சம்பளத்தை நம்பி எத்தனை பேர் இருக்கிறார்கள்?’, ‘அலுவலகத்தில் உங்களைப் போன்றவர் வேறு யாராவது இருக்கிறார்களா?’, ‘பிறந்து வளர்ந்த ஊரில் இருந்தவர்களோடு இப்போதும் மனம்விட்டுப் பேச முடிகிறதா?’. கடைசிக் கேள்விக்கு வரும் மௌனத்தை அவசரப்பட்டு நிரப்பாதீர்கள். புதிய இடத்தில் முழுதாக ஏற்கப்படாமலும் பழைய இடத்துக்குத் திரும்ப முடியாமலும் இருக்கும் தனிமையை முதன்முறையாக ஒருவர் சொல்ல முயலும் நேரம் அது.

எப்போது, எதைக் கொண்டு சோதிப்பது

குழந்தை பிறந்த இரண்டு மூன்று நாள்களில் வரும் அழுகையும் எரிச்சலும் பெரும்பாலானோருக்கு இரண்டு வாரங்களுக்குள் தானே அடங்கிவிடும். இரண்டு வாரங்களைத் தாண்டியும் துயரமோ ஆர்வமின்மையோ நீடித்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அது குழந்தை பிறந்த பின்புதான் தொடங்கும் என்பதில்லை. பலருக்குக் கர்ப்பத்திலேயே தொடங்கிவிடுகிறது. ஆகவே முதல் மகப்பேற்றுப் பரிசோதனையிலும், கர்ப்பத்தின் பிற்பகுதியிலும், பேற்றுக்குப் பிந்தைய சந்திப்புகளிலும் சோதிக்க வேண்டும். குழந்தை மருத்துவர்களுக்கான அமெரிக்கச் சங்கம், குழந்தையின் 1, 2, 4, 6 மாதப் பரிசோதனைகளின்போது தாயையும் சோதிக்கப் பரிந்துரைக்கிறது. தாய் தம் சந்திப்பைத் தவறவிட்டாலும் குழந்தையின் தடுப்பூசியைத் தவறவிடுவது அரிது என்பதால், இதை நல்ல ஏற்பாடு என்றே சொல்வேன்.

பரவலாகப் பயன்படுவது 1987இல் ஸ்காட்லாந்தில் உருவான எடின்பரோ அளவுகோல். கடந்த ஏழு நாள்களைப் பற்றிய பத்துக் கேள்விகள்; மொத்தம் 30 மதிப்பெண். பொதுவாக 10 அல்லது அதற்கு மேல் வந்தால் கூர்ந்து கவனிக்கிறார்கள், 13 அல்லது அதற்கு மேல் வந்தால் மனச்சோர்வு இருக்கக்கூடும் என்று கொள்கிறார்கள். ஆனால் வருமானம் குறைந்த கறுப்பினத் தாய்மாரிடம் இந்த அளவுகோலையும் வேறு இரண்டையும் ஒப்பிட்டு 2012இல் வெளியான ஆய்வு, வழக்கமான எல்லையைவிடக் குறைந்த மதிப்பெண்ணிலேயே மனச்சோர்வு இருக்கக்கூடும் என்று காட்டியது. எனவே 8 அல்லது 9 பெற்ற ஒருவரை ‘தேறிவிட்டார்’ என்று அனுப்பிவிடாதீர்கள், உட்கார்ந்து பேசுங்கள். தன்னைத் தானே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றிய பத்தாவது கேள்விக்கு ‘ஒருபோதும் இல்லை’ என்பதைத் தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும், மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அன்றே அவரோடு பேசி அறிந்த பிறகே அவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

படிவத்தை அவரே, தனியாக, அவசரமின்றி நிரப்ப இடம் கொடுங்கள். கணவரோ தாயாரோ அருகில் இருக்கும்போது உண்மையான பதில் வருவது கடினம். வட கரோலினாவைச் சேர்ந்த ஷெரில் வுட்ஸ்-ஜிஸ்கொம்பே 2010இல் கறுப்பினப் பெண்களோடு உரையாடி எழுதிய ஆய்வு இங்கே பெரிதும் உதவுகிறது. எப்போதும் வலிமையாகத் தோன்ற வேண்டும், உணர்ச்சியை அடக்க வேண்டும், யாரையும் சார்ந்திருக்கக் கூடாது, கைப்பொருள் குறைந்தாலும் வென்றாக வேண்டும், தன்னைவிடப் பிறருக்கே முதலில் உதவ வேண்டும் என்ற ஐந்து கடமைகளை அந்தப் பெண்கள் சுமப்பதாக அவர் விவரித்தார். தாயும் பாட்டியும் உயிர்பிழைக்கக் கற்ற வழி அது. அதைக் குறையாகப் பேசாதீர்கள். ஆனால் ‘நலமாக இருக்கிறீர்களா?’ என்ற கேள்விக்கு ‘நலம்தான்’ என்ற பதில் மட்டுமே வரும் என்பதை அறிந்துகொள்ளுங்கள்.

அதனால் சுற்றிவளைத்தாவது குறிப்பாகக் கேட்க வேண்டும். ‘குழந்தை தூங்கும்போது உங்களால் தூங்க முடிகிறதா?’ என்பது மிக நல்ல கேள்வி; வாய்ப்பிருந்தும் தூக்கம் வராமை முக்கியமான அறிகுறி. ‘யார்மேல் அதிகம் கோபம் வருகிறது?’ என்று கேளுங்கள், ஏனெனில் சோர்வு பல நேரம் எரிச்சலாகவே வெளிப்படும். ஓயாத தலைவலி, நெஞ்சு இறுக்கம், பசியின்மை ஆகியவற்றையும் கேளுங்கள். அலுவலக வேலையை ஒரு பிழையுமின்றிச் செய்துகொண்டிருக்கிறார் என்பது நலத்துக்குச் சான்றாகாது. மற்ற எல்லாம் சரிந்த பிறகும் கடைசிவரை அவர் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது வேலையாக இருக்கலாம். மருத்துவராக இருந்தால் இரத்தசோகையையும் தைராய்டு கோளாறையும் சோதித்துப் பாருங்கள். இரண்டும் சோர்வைப் போலவே தோன்றும். நெஞ்சு இறுக்கத்தையும் மூச்சுத் திணறலையும் மனக்கவலை என்று தள்ளிவிடுவது உயிருக்கே ஆபத்து. கறுப்பினத் தாய்மாரின் பேறுகால மரணங்களுக்கு இதயக் கோளாறுகளே முதன்மைக் காரணம் என்பதால், உடலை முதலில் சோதியுங்கள்.

குழந்தையைப் பறித்துவிடுவார்களோ என்ற அச்சம்

உண்மையைச் சொல்லத் தடையாக இருப்பவற்றுள் இதுவே பெரியது என்று நினைக்கிறேன்; தமிழ் மருத்துவர்கள் பலர் இதை அறியாமல் இருப்பதும் இயல்பே, ஏனெனில் நாம் வளர்ந்த சூழலில் அப்படி ஓர் அச்சம் இல்லை. அமெரிக்காவில் குழந்தைகள் நலத்துறையின் விசாரணைக்கு, 18 வயதுக்குள் ஒருமுறையாவது உள்ளாகும் குழந்தைகள் 37 சதவீதம் என்று 2017இல் வெளியான மதிப்பீடு ஒன்று கூறுகிறது. கறுப்பினக் குழந்தைகளில் அது 53 சதவீதம். ஏழ்மையிலிருந்து வந்த பெண்ணுக்கு இது வெறும் எண்ணாக இருக்காது. உறவிலோ தெருவிலோ ஒரு குழந்தை வீட்டிலிருந்து கொண்டுசெல்லப்பட்டதை அவர் பார்த்திருக்கக்கூடும். நல்ல வீடும் வேலையும் வந்த பிறகும் அந்த நினைவு போகாது. இழக்க இப்போது அதிகம் இருக்கிறது என்பதால் அச்சம் கூடவும் செய்யும்.

எனவே படிவத்தைக் கொடுப்பதற்கு முன்பே, அதில் எழுதுவது யாருக்குச் செல்லும், யாருக்குச் செல்லாது என்பதைச் சொல்லுங்கள். துயரமாக இருக்கிறது, அழுகை வருகிறது, மருந்து எடுக்கிறேன் என்று ஒரு தாய் சொல்வது குழந்தையைப் புறக்கணித்ததாக ஆகாது என்பதைத் தெளிவாகக் கூறுங்கள். குழந்தைக்கு ஆபத்து என்று நம்பக் காரணம் இருந்தால் புகாரளிக்கும் சட்டக் கடமை மருத்துவருக்கும் செவிலியருக்கும் உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. காக்க முடியாத வாக்குறுதி கொடுத்துப் பின்னர் மீறுவது, அவரை மட்டுமன்றி அவருடைய தங்கைகளையும் தோழிகளையும் மருத்துவமனையிலிருந்து விரட்டிவிடும். குழந்தைக்குத் தீங்கு நேர்வது போன்ற காட்சிகள் தம் விருப்பமின்றி மனத்தில் தோன்றி அதனால் பதறும் தாயையும், அப்படிச் செய்ய வேண்டும் என்று நம்பத் தொடங்கிய தாயையும் வேறுபடுத்தி அறியாமல் புகார் எழுதுவது பெரும் அநீதி.

சிகிச்சைக்கான வழிகள்

மனச்சோர்வு முழுதாக வருவதற்கு முன்பே தடுக்க வழி இருக்கிறது. நோய்த் தடுப்புக்கான அமெரிக்க வல்லுநர் குழு 2019இல், ஆபத்து மிகுந்த கர்ப்பிணிகளையும் புதுத் தாய்மாரையும் ஆலோசனைச் சிகிச்சைக்கு அனுப்பப் பரிந்துரைத்தது. எண்ணங்களையும் செயல்களையும் மாற்றப் பழக்கும் சிகிச்சையும், உறவுகளில் எழும் சிக்கல்களைச் சீராக்கும் சிகிச்சையும் அதில் முதன்மையானவை. முன்பு மனச்சோர்வு இருந்தவர், வருமான நெருக்கடியில் இருப்பவர், துணையின் வன்முறைக்கு ஆளானவர் ஆகியோர் ஆபத்துப் பட்டியலில் இருக்கிறார்கள். ஏணியில் வெகுதூரம் ஏறிய, அல்லது இறங்கிய, பெண்ணையும் மருத்துவர் தம் சொந்த முடிவாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

கறுப்பின உளவியலாளர்கள் அந்தத் துறையில் மிகச் சிறுபான்மையினர். தம் வாழ்க்கையை விளக்காமலே புரிந்துகொள்ளும் ஒருவரிடம் பேச வேண்டும் என்று அவர் விரும்பினால், அதை அலட்சியப்படுத்தாமல் தேட உதவுங்கள். ஜாய் ஹார்டன் பிராட்ஃபோர்ட் 2014இல் தொடங்கிய ‘தெரபி ஃபார் பிளாக் கேர்ள்ஸ்’ தளத்தில் ஆலோசகர்களின் பட்டியல் உண்டு. ஹூஸ்டனில் கே மேத்யூஸ் நிறுவிய ‘ஷேட்ஸ் ஆஃப் புளூ’ அமைப்பு கறுப்பினத் தாய்மாரின் மனநலத்துக்காகவே இயங்குகிறது. அரசின் தாய்மார் மனநல உதவி எண் 1-833-852-6262 இரவு பகலாக இயங்குகிறது, கட்டணமில்லை, அழைக்கவும் செய்யலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். எண்ணைக் கொடுத்துவிட்டு நகராதீர்கள். அவர் ஒப்புக்கொண்டால் அங்கேயே இருந்து அழைக்க உதவுங்கள்.

மருந்தைப் பொறுத்தவரை, செர்ட்ரலின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலப்பதால் பாலூட்டும் தாய்மாருக்குப் பரவலாகத் தரப்படுகின்றன. முன்பே மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர் கர்ப்பம் என்று தெரிந்ததும் மருத்துவரைக் கேளாமல் நிறுத்துவது ஆபத்தானது. மருந்தைத் தொடங்குமுன், இயல்புக்கு மீறிய உற்சாகமும் தூக்கமே தேவைப்படாத நாள்களும் முன்பு இருந்தனவா என்று கேட்பது அவசியம். இருமுனைக் கோளாறு உள்ளவருக்கு வழக்கமான மருந்து தீங்கு செய்யலாம். 2023 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற சுரனோலோன், பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கென்றே வந்த மாத்திரை; 14 நாள்கள், இரவு உணவோடு எடுக்க வேண்டும்; எடுத்த பிறகு 12 மணி நேரம் வாகனம் ஓட்டக் கூடாது. அதன் விலை மிக அதிகம் என்பதால் காப்பீட்டின் முன் அனுமதியைப் பெற மருத்துவரின் அலுவலகமே முனைய வேண்டும்.

காப்பீட்டில் ஏற்றத்துக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. மெடிக்கெய்ட் முன்பு பேற்றுக்குப் பின் 60 நாள்களில் முடிந்துவிடும். 2022 முதல் மாநிலங்கள் அதை 12 மாதங்களுக்கு நீட்டிக்க வழி ஏற்பட்டு, பெரும்பாலானவை நீட்டித்துவிட்டன. அந்த ஆண்டு முடிந்தபின், சிறு சம்பள உயர்வே தகுதியைப் பறித்துவிடக்கூடும். கிடைக்கும் தனியார் காப்பீட்டிலோ முதல் சில ஆயிரம் டாலரைத் தாமே செலுத்த வேண்டியிருக்கும். கர்ப்பம் ஓர் ஆண்டில் தொடங்கிப் பேறு அடுத்த ஆண்டில் நிகழ்ந்தால் அந்தத் தொகையை இருமுறை செலுத்த நேரிடும். ஆகவே சிகிச்சையைத் திட்டமிடும்போதே காப்பீடு எந்த மாதம் மாறும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அலுவலகத்தில்

அமெரிக்காவில் நாடு முழுமைக்குமான சம்பளத்துடன் கூடிய பேறுகால விடுப்பு இல்லை. 1993ஆம் ஆண்டின் சட்டம் 12 வாரம் சம்பளமில்லா விடுப்பைத் தருகிறது. அதுவும் 50 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் ஓராண்டும் 1,250 மணி நேரமும் உழைத்தவருக்கே. புதிதாக வேலை மாறி உயர்ந்தவருக்கு அந்த ஓராண்டு நிறைந்திருக்காது என்பதை எண்ணிப் பாருங்கள். 2023 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள கர்ப்பிணித் தொழிலாளர் நியாயச் சட்டம் அப்படிக் காத்திருக்கச் சொல்வதில்லை. 15 பேர் உள்ள நிறுவனத்திலும், கர்ப்பத்தாலும் பேற்றாலும் வரும் உடல், மனக் குறைகளுக்கு நியாயமான வசதி செய்துதர வேண்டும். பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வும் அதில் அடங்கும். சிகிச்சைக்குச் செல்ல நேரம், வேலை நேர மாற்றம், வீட்டிலிருந்து பணி ஆகியவற்றைக் கோரலாம். மருத்துவர் கடிதம் எழுதும்போது நோயின் விவரத்தைக் கொட்டாமல், என்ன வசதி எவ்வளவு காலம் தேவை என்பதை மட்டும் எழுதினால் போதும்.

நீங்கள் மேலாளராக இருந்தால், அவர் கேட்கும்வரை காத்திருக்காமல் இந்த உரிமைகளை எழுத்தில் கொடுங்கள். அந்த இடத்துக்கு வந்த முதல் கறுப்பினப் பெண் என்பதாலேயே, தாம் தளர்ந்தால் தம்மைப் போன்ற அனைவரும் தளர்ந்ததாகக் கொள்வார்கள் என்று அஞ்சி அவர் கேட்காமலே இருந்துவிடக்கூடும்.

வீட்டில்

நம்மில் பேற்றுக்குத் தாய்வீடு செல்வது இன்னும் வழக்கம். வெளிநாட்டில் இருந்தாலும் தாயோ மாமியாரோ சில மாதங்கள் வந்து தங்குகிறார்கள். வேலைக்காக ஊர் மாறிய கறுப்பினப் பெண்ணின் தாய், பல நேரங்களில் தாமே இன்னும் மணிக்கணக்கு ஊதியத்தில் உழைத்துக்கொண்டிருப்பார். விடுப்பெடுத்தால் அவருக்குச் சம்பளம் இல்லை. ஆகவே ‘ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்’ என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். கேட்டுப் பழகாதவர் கேட்கமாட்டார். ‘செவ்வாயும் வியாழனும் மாலை ஆறு மணிக்குச் சாப்பாடு கொண்டுவருகிறேன், என்ன பிடிக்கும்?’ என்று நாளைக் குறித்துக் கேளுங்கள். எல்லாவற்றையும்விடப் பயன் தருவது தொடர்ச்சியான நான்கைந்து மணி நேரத் தூக்கம். ஒரு வேளைப் பாலை வேறொருவர் ஊட்ட ஏற்பாடு செய்து அதைப் பெற்றுத் தாருங்கள். அவருக்குத் தேவாலயம் உண்டென்றால் அங்குள்ள மூத்த பெண்களின் துணையை நாடலாம்; ‘ஜெபித்தால் போதும், மாத்திரை வேண்டாம்’ என்று சொல்பவரை மட்டும் சற்றுத் தள்ளி வையுங்கள். பேறுகாலத் துணையாளரான டூலாவின் செலவைச் சில மாநிலங்களில் மெடிக்கெய்ட் ஏற்கிறது, அதையும் விசாரியுங்கள்.

உடனே செயல்பட வேண்டிய நேரம்

ஆயிரம் பேற்றுக்கு ஒன்றிரண்டு தாய்மாருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள், மனம் நிலைதவறும் கடும் நோய் வருகிறது. நாள்கணக்கில் தூக்கமின்றியும் களைப்பின்றியும் இருத்தல், இல்லாத குரல் கேட்டல், குழந்தையைப் பற்றி விபரீதமான நம்பிக்கை கொள்ளுதல், சில மணி நேரங்களிலேயே தெளிவும் குழப்பமும் மாறிமாறி வருதல் ஆகியவை அதன் அடையாளங்கள். அவரையும் குழந்தையையும் தனியே விடாமல், அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். தற்கொலை எண்ணம் இருந்தால் 988 என்ற எண்ணை அழைக்கலாம். 911ஐ அழைக்க நேர்ந்தால், காவல்துறையினரால் கறுப்பினத்தவருக்கு நேரும் ஆபத்தை மனத்தில் கொண்டு, ‘அண்மையில் குழந்தை பெற்ற பெண்ணுக்கு மருத்துவ அவசரம், அவரிடம் ஆயுதம் எதுவும் இல்லை’ என்பதை முதல் வாக்கியத்திலேயே கூறி, மனநெருக்கடியைக் கையாளப் பயிற்சி பெற்ற குழு வேண்டும் என்று கேளுங்கள். அவர்கள் வரும்வரை உடன் இருங்கள்.

சிகிச்சை தொடங்கிய பின்

மருந்தும் ஆலோசனையும் பலன் தரச் சில வாரங்கள் ஆகும். முன்னேற்றம் தெரிந்தவுடன் நிறுத்திவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். எடின்பரோ கேள்விகளை நான்கு முதல் ஆறு வாரங்கள் கழித்து மீண்டும் கேளுங்கள். வேலைக்குத் திரும்பும் வாரத்தையும், காப்பீடு மாறும் மாதத்தையும், குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு முந்தைய வாரங்களையும் நாட்காட்டியில் குறித்துவைத்து, அந்த நாள்களில் நீங்களே அழைத்துப் பேசுங்கள். ஒருமுறை மனச்சோர்வு வந்தவருக்கு அடுத்த கர்ப்பத்திலும் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால், எந்த மருந்து, எந்த அளவு, எந்த ஆலோசகர் உதவினார் என்பதை ஒரு தாளில் எழுதி அவரிடமே கொடுத்து வைக்கச் சொல்லுங்கள். வேலை மாறி வேறு ஊருக்குச் சென்றாலும், புதிய மருத்துவரிடம் முதல் சந்திப்பிலேயே அந்தத் தாளை அவர் காட்டலாம்.